கூட வந்தவர்

என் மனைவி சாகப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று நான் முடிவு செய்தேன்.

பெரிய முடிவு. கல்யாணமான நாளிலிருந்து நான் தனியாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். மற்றவற்றையெல்லாம் பத்மாசினி எடுத்தாள். நான் வெளியே போய் அவை என்னுடையவை என்று அறிவித்தேன். இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்கும் குறை இருந்ததில்லை.

எங்கள் ஊர் வைத்தியத்தில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை. பரிசோதனை முடிந்ததும், "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்பார். கூட வந்தவர் உள்ளே போவார். கதவு சாத்தப்படும். நோயாளி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே போனவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஒண்ணுமில்ல, வாயுதானாம்" என்பார். மதுரையில் வாயுவால் செத்தவர்கள் அளவுக்கு வேறு எதனாலும் யாரும் செத்திருக்க முடியாது.

என் அண்ணன் ஜனகராஜ் விஷயத்தில் இந்த வழக்கம் தவறிப்போயிற்று. படிப்பை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த ஒரு டாக்டர் நேராக அவனிடமே சொல்லிவிட்டார். அண்ணன் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன். அதைக் கேட்டதும் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிறகு எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைக் கொன்றது நோயா, செய்தியா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்றிலிருந்து நான் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை. காய்ச்சல் வந்தால் கஷாயம். வலி வந்தால் தூக்கம்.

அதனால்தான் பத்மாசினிக்கு எதுவும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால் நான் யாருடைய முகத்தைப் பார்ப்பது?

முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த வருஷம் என் சைக்கிளுக்கு வயதாகிவிட்டது. வீடு மஹாலுக்குப் பின்னால். ஆபீஸ் தல்லாகுளத்தில். நடுவில் வைகைப் பாலம். பாலத்தின் ஏற்றம் தொடங்கும் இடத்தில் சைக்கிள் இழுக்கும். நெஞ்சுக்குள் யாரோ முழங்கையை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். சைக்கிள் கடை மலையாண்டியிடம் விட்டு எண்ணெய் போடச் சொன்னேன். பிறகு சக்கரத்துக்குள் உருளும் பால்ரஸ் குண்டுகளை மாற்றச் சொன்னேன். மூன்றாவது தடவை போனபோது அவன் வண்டியைத் தொடவே இல்லை.

"அண்ணே, வண்டி பட்டு மாதிரி ஓடுதுண்ணே."

"பட்டா? பாலத்துல மூச்சு வாங்குதுப்பா."

"வண்டிக்கா?"

நல்ல நகைச்சுவை என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து, பாலத்தில் அழுத்துவதையும் சேர்த்துப் பத்மாசினியிடம் சொன்னேன். நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். இங்கே தமிழில் எழுதுகிறேன். எங்கள் பாஷையிலும் அது நன்றாகத்தான் இருந்தது. அவள் சிரிக்கவில்லை. அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்தாள்.

"அழுத்துதுன்னா எந்தப் பக்கம்?"

"சைக்கிள்ல எந்தப் பக்கம் இருக்கு? பெடலு ரெண்டு பக்கமும்தான்."

அவள் மறுபடியும் வெண்டைக்காயை எடுத்துக்கொண்டாள்.

சில நாட்களில் அவளுக்கு முட்டிவலி வந்தது. கீழவாசலில் டாக்டர் சிவசங்கரனிடம் கூட்டிக்கொண்டு போனேன். நான் தெருவிலேயே நின்றுகொண்டேன். கிளினிக்குக்கு இரண்டே படிகள்தான். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. டாக்டரே படி இறங்கி வந்தார்.

"துளசிராம், ஒரு உதவி பண்ணணுமே. புதுசா ஈ.சி.ஜி. மெஷின் வாங்கியிருக்கேன். யார் மேலயாவது வச்சுப் பார்க்கணும்."

"உள்ள நோயாளிங்க உக்காந்திருக்காங்களே."

"நோயாளி மேல வச்சா, கோளாறு ஆள்லயா மெஷின்லயான்னு எப்படித் தெரியும்? திடகாத்திரமான ஆள் வேணும்."

திடகாத்திரம் என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. இது வைத்தியம் இல்லை, மெஷினுக்குச் செய்யும் உதவி. அதனால் கொள்கைக்கும் பங்கமில்லை. சட்டையைக் கழற்றிப் படுத்தேன். நெஞ்சில் எதையோ ஜில்லென்று தடவினார்கள். நீளமாக ஒரு காகிதம் வந்தது. டாக்டர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மெஷின் எப்படி?" என்று கேட்டேன்.

"மெஷின் நல்லா வேலை செய்யுது" என்றார்.

அடுத்த வாரம் பத்மாசினிக்கு நெஞ்சுவலி வந்தது. சமையலறையில் அப்படியே உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். முதலில் வலது பக்கம் பிடித்தாள். பிறகு கையை இடது பக்கத்துக்கு மாற்றினாள். வலி நகர்கிறது என்று நினைத்தேன். ரிக்‌ஷா பிடித்து ஓடினேன். அன்று அந்த இரண்டு படிகளை ஏறினேனா, தாண்டினேனா என்பது நினைவில்லை.

டாக்டர் அவளைப் பரிசோதித்தார். கதவைத் திறந்தார். "கூட வந்தவங்க யாரு?"

அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் கேட்டார். அதுதான் முறை.

பத்மாசினி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போனேன். கதவு சாத்தப்பட்டது. இதயத்துக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். மாத்திரை தருகிறேன், ஆனால் மாத்திரை மட்டும் போதாது, மெட்ராசில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், தேதி வாங்கித் தருகிறேன் என்றார். ஒத்திப்போட்டால் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றார். இதைச் சொல்லும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கூட வந்தவர்களின் கையை இவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிற டாக்டரை நான் பார்த்ததில்லை.

"அவங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

"தெரியாது" என்றேன்.

"உப்பைக் குறைக்கணும். தனியாச் சமைச்சா அவங்களுக்குச் சந்தேகம் வரும். நீங்களும் அதையே சாப்பிடுங்க."

"சாப்பிடறேன்."

"மாடி ஏறக் கூடாது. நீங்க ஏறினா பின்னாலேயே ஏறுவாங்க. நீங்களும் ஏறாதீங்க."

"சரி."

"சிகரெட் புகை அவங்களுக்கு ஆகாது."

"விட்டுடறேன்."

"சைக்கிள் வேண்டாம். நீங்க வேர்த்து விறுவிறுத்து வந்து நின்னா அவங்களுக்குப் படபடப்பு வரும். பஸ்ல போங்க."

நான் எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன். வீட்டில் எத்தனையோ சண்டைகளுக்கும் அசையாத சிகரெட்டை அன்று கீழவாசல் சாக்கடையில் பாக்கெட்டோடு போட்டேன். வெளியே வந்து பத்மாசினியிடம், "ஒண்ணுமில்ல, வாயுதானாம்" என்றேன். குரல் நடுங்காமல் சொன்னதாக எனக்குப் பெருமை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பாவம், பயந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

மாத்திரையை மறைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பத்மாசினி பத்தாவது வரை படித்தவள். அட்டையில் இருக்கும் பெயரைப் படித்துவிடுவாள். அதனால் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அட்டைகளிலிருந்து மாத்திரைகளையெல்லாம் பிதுக்கி எடுத்தேன். பழைய பெருங்காய டப்பா ஒன்றில் போட்டேன். டாக்டர் சீட்டை மேஜை டிராயருக்கு அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே தள்ளினேன். வாயுவுக்கு மாத்திரை, அது பெருங்காய வாசனை அடிக்கிறது. இதைவிடப் பொருத்தமாக ஒரு பொய் எப்படி அமையும்?

தினமும் காலையில் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைப்பேன். அவள் கையை வாய்க்குக் கொண்டுபோவாள். தண்ணீரை அண்ணாந்து குடிப்பாள். பிறகு சமையலறைக்குப் போய் எனக்குக் காப்பி கொண்டுவருவாள்.

அந்தக் காப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கெட்டுப்போயிருந்தது.

"என்ன இது, கசக்குது?"

"டிகாக்‌ஷன் தூக்கலா இறங்கிடுச்சு."

"பெருங்காய வாசனை வேற அடிக்குதே."

"ரசக் கரண்டியைப் போட்டுட்டேன் போல."

"தினமுமா?"

"எனக்கு உடம்பு சரியில்லைல்ல? கை தடுமாறுது."

அதற்குமேல் நான் என்ன சொல்வது? சாகப்போகிற மனைவியின் காப்பியில் குறை சொல்கிறவன் மனுஷனா? ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். நான் டம்ளரைக் கீழே வைக்கும்வரை அவள் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். மண்டி மிச்சமிருந்தால், "அதையும் குடிச்சிடுங்க" என்பாள். குடிப்பேன்.

ராத்திரி அவள் தூங்கிய பிறகு அவள் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பல தடவை அவளும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். "என்ன, தூக்கம் வரலியா?" என்று கேட்பாள். "கொசு" என்பேன். "எனக்கும்" என்பாள்.

மெட்ராசில் தேதி கிடைத்தது. ரயிலில் ராத்திரி பூராவும் குலுங்கிக்கொண்டு போகக் கூடாது, விமானத்தில்தான் போக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அங்கே கூட வருகிறவர்களையும் படுக்கவைத்துச் சோதிப்பார்கள், அது அந்த ஆஸ்பத்திரி நடைமுறை, நீங்கள் மறுக்கக் கூடாது என்றும் சொன்னார். "அவளுக்காக எதுவானாலும் சரி டாக்டர்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவனியாபுரம் வழியாக டாக்சி போனது. ஊர் முடிந்து வயலும் பொட்டலும் தொடங்கின. பத்மாசினி பச்சைக் கரை போட்ட சுங்கடிச் சேலை கட்டியிருந்தாள். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியாகப் பார்க்கிறாளோ என்று நினைத்தேன். அவள் திரும்பி, "மெட்ராஸ்ல என்ன சொன்னாலும் பயப்படக் கூடாது, என்ன?" என்றாள்.

"நான் எதுக்குப் பயப்படறேன்? உனக்குத்தானே வாயு?"

"அதான்" என்றாள்.

அப்போதெல்லாம் மதுரை விமான நிலையம் ஒரு சின்னக் கட்டடம். ஏறுகிறவர்களைவிட வழியனுப்ப வந்தவர்கள் அதிகம். அந்த வருஷங்களில் வடக்கே விமானங்களைக் கடத்திக்கொண்டு போயிருந்தார்கள். அதனால் சோதனை கெடுபிடியாக இருந்தது. ஒரு மேஜை. அதன் பின்னால் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். பக்கத்தில் பச்சைத் துணித்திரை போட்டு மறைத்த இடம், பெண்களைச் சோதிக்க. திரை தரைவரை எட்டவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. பத்மாசினியை ஒரு பெண் போலீஸ் திரைக்குள் அழைத்துப் போனாள். நான் பையை மேஜைமேல் வைத்தேன்.

"பையில என்ன சார்?"

"துணி. நாலு வாழைப்பழம். பெருங்காய டப்பா."

"பிளேன்ல எதுக்கு சார் பெருங்காயம்?"

"பெருங்காயம் இல்ல. டப்பா மட்டும்தான்."

அவர் எடுத்து ஆட்டினார். கடகடவென்று சத்தம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலி டப்பாவா பேசுது?"

"மாத்திரை."

"என்ன மாத்திரை?"

திரைக்கு அந்தப் பக்கம் பத்மாசினி நிற்கிறாள். அவள் காதில் விழட்டும் என்று உரக்கச் சொன்னேன். "வாயு மாத்திரை!"

"மெதுவாச் சொல்லுங்க சார். எனக்குக் காது கேக்கும். மாத்திரை பேரு என்ன?"

"பேரே அதுதான்."

"அட்டை எங்க? டாக்டர் சீட்டு எங்க?"

"அட்டையைக் கிழிச்சிட்டேன். சீட்டு ஆபீசுல இருக்கு."

"ஏன் கிழிச்சீங்க?"

பதில் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

அவர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். முகம் சுளித்தார். "சார், பேரில்லாத மாத்திரையை டப்பா நெறய எடுத்துக்கிட்டு வாரீங்க. உள்ள போயி எல்லாரும் குடிக்கிற தண்ணியில கலந்தீங்கன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. "நாங்க கௌரவமான குடும்பம் சார். ஒருத்தருக்குத் தெரியாம அவங்க குடிக்கிறதுல எதையாவது கலந்து குடுக்கிற வழக்கமெல்லாம் எங்க வீட்டுல கிடையாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

"காலையில பூரி தின்னேன். நெஞ்சைக் கரிச்சுக்கிட்டே இருக்கு. வாயு மாத்திரைதான? எனக்கு ஒண்ணு போடுங்க."

அடைப்புக்குக் கொடுக்கிற மாத்திரையை ஒரு போலீஸ்காரர் வயிற்றில் போட்டால் என்ன ஆகும்? அவர் அந்த இடத்திலேயே விழுவதும் என்னைப் பிடித்துக்கொண்டு போவதும் பத்மாசினி தனியாக அழுதுகொண்டு நிற்பதும் எனக்குத் தெரிந்தது.

"வேண்டாம் சார். உங்களுக்கு ஆகாது."

"எனக்கு ஆகாதது யாருக்கு ஆகும்?"

"என் வீட்டுக்காரிக்கு."

"அப்ப நீங்க ஒண்ணு போட்டுக்கிடுங்க. என் கண்ணு முன்னால. போட்டா விடுறேன். இல்லாட்டி டப்பா இங்கதான் இருக்கும். அம்புட்டுத்தான்."

கிளம்பும் அவசரத்தில் அன்றைய மாத்திரையையே இன்னும் கொடுக்கவில்லை; டப்பா போய்விட்டால் பத்மாசினிக்கு மாத்திரை இல்லை. நான் யோசிக்கவில்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். தண்ணீர் இல்லை. கடித்தேன்.

கசந்தது. கசப்புக்குப் பின்னால் பெருங்காயம் வந்தது. நாக்கின் பின்பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு மிகவும் பழக்கமான ருசி. இதை எங்கே ருசித்தேன் என்று தேடினேன். டம்ளரின் சூடு மட்டும்தான் இல்லை.

அது என் காப்பி.

"சரி, கையைத் தூக்குங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு திரையின் ஓரமாக நின்றேன். அவர் என் சட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"ரவிக்கைக்குள்ள என்னம்மா பொட்டலம்?"

"மாத்திரை."

"நீங்களுமா? ஒங்களுக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் இல்லை. எங்க வீட்டுக்காரருக்கு. நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்கணும்னு டாக்டர் குடுத்தார்."

"அவரு மாத்திரையை அவரு சட்டைப்பையில வைக்காம..."

"அவருக்குத் தெரியாது."

"எது?"

"அவருக்கு நெஞ்சுல அடைப்பு இருக்கிறது."

எங்கள் பாஷையில் சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும். அவள் தமிழில் சொன்னாள். யாரோ ஒரு பெண் யாரோ ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அந்த மனிதருக்காக ஒரு கணம் வருத்தப்பட்டேன். அவள் எப்போதும் தணிந்த குரலில் பேசுகிறவள். அன்று ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. வெறும் துணிதானே, அதனால் கேட்கிறது என்று நினைத்தேன்.

"அந்தப் பெருங்காய டப்பா?"

"அதுவும் அவருக்குத்தான். எனக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார். தினம் காலையில என் கையில குடுப்பார். நான் பொடிச்சு அவர் காப்பியில போட்டுடுவேன்."

பெண் போலீஸ் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"கண்டுபிடிக்கலியா?"

"காப்பி கசக்குதுன்னு சொல்வார். ஆனா குடிச்சிடுவார்."

"அப்ப மெட்ராசுக்கு?"

"எனக்கு வைத்தியம் பார்க்கக் கூட்டிக்கிட்டுப் போறார்." வளையல் சத்தம் கேட்டது. "அவருக்குன்னு சொன்னா வர மாட்டார். எனக்குன்னா வருவார்."

நான் குனிந்து பார்த்தேன். திரைக்குக் கீழே பெண் போலீசின் கறுப்பு பூட்ஸ் தெரிந்தது. அதற்கு எதிரே பத்மாசினியின் பாதங்கள். மெட்டி தேய்ந்து மெலிந்திருந்தது. கட்டைவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும், ஆகவே நான் நோயாளி இல்லை. நோயாளிக்குத்தான் எதுவும் தெரியாதே.

"கையை இறக்குங்க சார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவர் எப்போதோ முடித்திருந்தார். நான் கைகளை விரித்தபடியே நின்றிருந்தேன்.

பெண் போலீஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் கையில் ஒரு டாக்டர் சீட்டு இருந்தது. என் மேஜை டிராயரில் இருந்ததைப் போன்றதுதான்; இதில் என் பெயர் இருந்திருக்க வேண்டும்.

"என்ன செல்லக்கிளி?" என்று அவளைப் பெயர் சொல்லிக் கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"மாத்திரைக்குச் சீட்டு அந்தம்மாகிட்ட இருக்கு சார்."

அவர் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். தன் நாற்காலியை எடுத்து எனக்குப் போட்டார்.

"உக்காருங்க சார்."

"நிக்கிறேன். பரவாயில்ல."

"இல்ல சார், உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் பத்மாசினியிடம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"கூட வந்தவங்க நீங்கதானம்மா?"

"ஆமா."

"இப்படி வாங்க."

சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். பெருங்காய டப்பாவை அவள் கையில் கொடுத்தார். எனக்கு எதிரே சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பி வந்தாள். "என்ன சொன்னார்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. வாயுதான்னு சொன்னேன். விட்டுட்டார்."

வாசல் பின்னால்தான் இருந்தது. டாக்சிகள் நின்றுகொண்டிருந்தன. எழுந்து நடந்தால் சாயங்காலத்துக்குள் வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். அண்ணனின் முதுகு நினைவுக்கு வந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனின் நினைவும் வந்தது. அந்த நாற்காலியில் பத்மாசினியை உட்காரவைக்க எனக்கு மனமில்லை.

அந்த இடத்தில் நான் என் இரண்டாவது முடிவை எடுத்தேன். நான் சாகப்போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று பாடுபட்டிருக்கிறாள். அந்த உழைப்பு வீணாகக் கூடாது. தவிர, இந்த வீட்டில் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிவது இதுதான் முதல் தடவை. பயத்தின் நடுவிலும் அதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது.

விமானம்வரை வெயிலில் நடந்தோம். ஏணிப்படியின் கீழே அவள் நின்றாள். "எனக்கு முட்டி வலிக்குது. மெதுவா ஏறலாம்" என்றாள்.

"உன் உடம்புக்கு அதுதான் நல்லது" என்றேன்.

படிக்குப் படி நின்று ஏறினோம். அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அவள் என்னைப் பிடித்துக்கொண்டு ஏறுவதுபோல இருந்திருக்கும்.

விமானம் கிளம்பியது. தரை சாய்ந்தது. கண்மாய்கள் சில்லறையாகச் சிதறிக் கிடந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். பிறகு ஒரு பெண் வந்து காப்பி கொடுத்தாள். பத்மாசினி இரண்டு கோப்பைகளையும் வாங்கி, ஒன்றை அப்படியே என்னிடம் நீட்டினாள்.

குடித்தேன். கசப்பில்லை. பெருங்காயம் இல்லை. நன்றாக இருந்தது. ஆனால் ஏதோ குறைந்தது.

என் நடிப்பைத் தொடங்கினேன். "டப்பா உன்கிட்டதானே இருக்கு? இன்னைக்கு உன் மாத்திரையைப் போட்டுக்கலியே."

"இன்னைக்கு உள்ளதை அங்கேயே கடிச்சுத் தின்னாச்சே."

"அது நான். போலீஸ்காரர் சொன்னதுக்காக. உனக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நாளையிலேருந்து முழுசாவே போட்டுக்கலாம்" என்றாள் எங்கள் பாஷையில். "காப்பியும் காப்பி மாதிரி இருக்கும்."

"எது? யாரு? நீ என்ன சொல்றே?"

"அங்க போனா எப்படியும் சொல்லிடுவாங்க. அதுக்கு முன்னாடி நான் சொல்லணும். ஒரு வாரமா உங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லப் பார்க்கிறேன். வாய் வரலை." அவள் என் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்தாள். "கேட்டுட்டுத் திரும்பிப் போயிடுவீங்களோன்னு உள்ள நின்னு நடுங்கிக்கிட்டு இருந்தேன். போகலை நீங்க."

கீழே மேகம் வந்துவிட்டது. ஊர் தெரியவில்லை.

"நான் அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"திரைக்குக் கீழ உங்க காலு தெரிஞ்சுது" என்றாள். "அதான் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன்."